பிரிட்டிஷ் சமூக யதார்த்தப் படங்கள்: யாருடைய பணம், எந்தத் தெரு, யாருடைய பேச்சு

கேள்வி: பிரிட்டிஷ் சினிமாவில் ‘சமூக யதார்த்தம்’ என்று உண்மையிலேயே தனி வகை இருக்கிறதா, அல்லது ஏழைகளைப் பற்றிய எந்தப் படத்துக்கும் விமர்சகர்கள் ஒட்டும் பெயரா? ‘ஐ, டேனியல் பிளேக்’ மட்டும் பார்த்திருக்கிறேன். அடுத்து எதைப் பார்க்கலாம்?

தனி வகைதான். ஆனால் கதையின் நடுவில் ஓர் ஏழை இருந்தால் மட்டும் அந்தப் பெயர் கிடைத்துவிடாது. கிழக்கு லண்டன் குடியிருப்புகளில் நடக்கும் ரவுடிப் படங்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. அவற்றை யாரும் இதில் சேர்ப்பதில்லை. நீங்கள் பார்த்த, கென் லோச் இயக்கிய படத்தையே எடுத்துக்கொள்வோம். நியூகாஸிலில் மாரடைப்பு வந்த ஒரு தச்சர். வேலைக்குப் போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அரசின் உடல்தகுதி மதிப்பீடோ 15 புள்ளி கேட்கிறது; அவருக்குக் கிடைப்பது 12. படம் முழுவதும் அந்த மூன்று புள்ளி பள்ளத்துக்குள்தான் நடக்கிறது. வில்லன் கிடையாது, படிவம், தொலைபேசிக் காத்திருப்பு, கணினி இருக்கின்றன. சுட்டியைத் திரையில் மேலே கொண்டுபோங்கள் என்று சொன்னதும் அவர் சுட்டியையே தூக்கித் திரைமேல் வைக்கிறார். அரங்கம் சிரிக்கும், ஆனால் அந்த ஆள் நாற்பது வருடம் கையால் மரவேலை செய்தவர், விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான் என்பது அலுவலகத்தின் விதி.

இந்த வகையின் முதல் அடையாளம் இதுவே. பாத்திரத்தின் துன்பத்துக்குக் காரணமாக ஓர் ஏற்பாடு இருக்கும்: வாடகை, கூலி விகிதம், பள்ளி, உதவித்தொகை விதி, குழந்தைகள் நலத்துறை. அது பெயரோடும் எண்ணோடும் வரும். இரண்டாவது அடையாளம் இடம். செட் போடாமல், அந்த ஊரின் தெருவிலேயே, அந்த ஊர்க்காரர்களின் பேச்சிலேயே எடுத்திருப்பார்கள். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: படத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது. இந்த வகையின் வரலாறே அந்தப் பணத்தின் வரலாறுதான் என்பேன்.

முதலில் பணம் கொடுத்தது அரசாங்கமும் தொழில் நிறுவனங்களும். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் கிரியர்சன் ஹெர்ரிங் மீன்பிடிப்பைப் பற்றி எடுத்த ‘டிரிஃப்டர்ஸ்’ 1929இல் வந்தது. அதற்குப் பேரரசுச் சந்தை வாரியம் பணம் தந்தது. 1933இல் அந்தக் குழு அப்படியே அஞ்சல் துறைக்கு மாறியது. அங்கே உருவான ‘நைட் மெயில்’ (1936) இன்றும் ஆவணப்பட வகுப்புகளில் காட்டப்படுகிறது. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து போகும் தபால் ரயிலில் ஊழியர்கள் கடிதம் பிரிக்கும் காட்சி அதில் பிரபலம். அந்தப் பெட்டி ஓடவே இல்லை; ஸ்டுடியோவில் போட்ட செட். உண்மையான தபால் ஊழியர்களைக் கூட்டிவந்து, ரயில் ஆடுவதுபோல் உடலை அசைத்துக்கொண்டே பிரிக்கச் சொன்னார்கள். யதார்த்தப் படம் என்றால் கேமராவைத் திறந்துவைத்துவிட்டு நடப்பதைப் பிடிப்பது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும். இது தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டு உருவாக்கிய தோற்றம்தான்.

பணம் கொடுத்தவர்களின் நிழல் எங்கும் விழுந்தது. ‘ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்’ (1935) கிழக்கு லண்டனின் ஸ்டெப்னி சேரிவாசிகளைக் கேமராவைப் பார்த்து நேராகப் பேசவைத்தது. எலி, மூட்டைப்பூச்சி, இடியும் சுவர் என்று அவர்களே சொல்கிறார்கள். தொழிலாளர்கள் திரையில் சொந்தக் குரலில் பேசிய ஆரம்பகாலப் படங்களில் ஒன்று. செலவை ஏற்றது எரிவாயு நிறுவனங்களின் சங்கம். ஆகவே, பழைய வீட்டை இடி, எரிவாயு அடுப்போடு புது அடுக்ககம் கட்டு என்பதே படத்தின் தீர்வு. வாடகையை யார் ஏற்றினார்கள் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. இதே வட்டத்தைச் சேர்ந்த பேசில் ரைட் 1934இல் ‘சாங் ஆஃப் சிலோன்’ எடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார வாரியத்துக்காக. கவித்துவமான படம், சந்தேகமில்லை. ஆனால் அது யாருடைய காசு என்பதை மறந்துவிட்டுப் பார்க்கக்கூடாது.

அடுத்த திருப்பம் 1956. பிப்ரவரியில் லண்டன் நேஷனல் ஃபிலிம் தியேட்டரில் லிண்ட்சே ஆண்டர்சன், காரெல் ரெய்ஸ், டோனி ரிச்சர்ட்சன், லொரென்சா மட்சேட்டி ஆகியோர் தங்கள் குறும்படங்களை ‘ஃப்ரீ சினிமா’ என்ற தலைப்பில் சேர்த்துத் திரையிட்டார்கள். 1959 வரை இப்படி ஆறு நிகழ்ச்சிகள். இந்தப் படங்களில் பேச்சு ஏன் இவ்வளவு குறைவு, வெட்டு ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்பவர்களுக்குப் பதில் கருவியில் இருக்கிறது. அவர்கள் பயன்படுத்திய 16 மி.மீ. போலெக்ஸ் கேமராவுக்குச் சாவி கொடுத்தால் சுமார் 22 விநாடிதான் ஓடும். ஒலியை உடன் பதிய வழியில்லை. ஆகவே துண்டு துண்டான காட்சி, மேலே ஜாஸ் இசை, சந்தை இரைச்சல். ‘மம்மா டோன்ட் அலௌ’ நடன விடுதிப் படம் அப்படித்தான் உருவானது. அதே காலத்தில் வேகம் கூடிய, அதாவது குறைந்த வெளிச்சத்திலும் படம் பதியும் படச்சுருள் சந்தைக்கு வந்ததால், விளக்குக் கட்டாமல் இரவிலும் உட்புறத்திலும் எடுக்க முடிந்தது. ஒளிப்பதிவாளர் வால்டர் லாசலி இங்கே பழகியதைத்தான் பின்னால் சால்ஃபோர்டு தெருக்களில் ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’க்கு (1961) பயன்படுத்தினார்.

இவர்கள் முழுநீளப் படத்துக்கு வந்ததும் பிறந்ததுதான் ‘கிச்சன் சிங்க்’ (சமையலறைத் தொட்டி) என்று கிண்டலாகவும் ‘பிரிட்டிஷ் புதிய அலை’ என்று மரியாதையாகவும் அழைக்கப்படும் காலம். 1959 முதல் 1963 வரை, அவ்வளவுதான். நாடகாசிரியர் ஜான் ஆஸ்போர்னும் ரிச்சர்ட்சனும் தொடங்கிய வுட்ஃபால் நிறுவனம் இதன் மையம். ஆலன் சில்லிட்டோவின் நாவலிலிருந்து ரெய்ஸ் எடுத்த ‘சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்’ (1960) எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். நாட்டிங்ஹாம் ராலே சைக்கிள் ஆலை. ஆல்பர்ட் ஃபின்னி கடைசல் இயந்திரத்தில் நின்று, அன்றைக்கு முடித்த துண்டுகளை எண்ணுகிறார்: 954, 955. நாளொன்றுக்கு 1000 துண்டு போட்டால் வாரக்கூலி 14 பவுண்டு 3 ஷில்லிங் 2 பென்ஸ் என்ற கணக்கு முதல் நிமிடத்திலேயே வந்துவிடுகிறது. அதற்குமுன் பிரிட்டிஷ் படங்களில் தொழிலாளி என்றால் பெரும்பாலும் கதாநாயகனுக்குக் கதவு திறந்துவிடும் ஆள், இல்லை காமெடி. தன் கூலியைத் தானே கணக்குப் பார்த்து, மேஸ்திரியை முறைத்து, வார இறுதியில் குடித்துத் தீர்க்கும் ஒருவன் முழுப் படத்தையும் சுமப்பது புதிது.

தணிக்கை இதை எளிதில் விடவில்லை. நாவலில் கருக்கலைப்பு நடந்துவிடுகிறது. படத்தில் அது பலிக்கவில்லை என்று மாற்ற வேண்டியிருந்தது. அதன்பிறகும் வார்விக்‌ஷயர் கவுன்ட்டி கவுன்சில் தன் எல்லைக்குள் படத்தைத் தடுத்தது. ஆனால் 1951இல் அறிமுகமான ‘எக்ஸ்’ சான்றிதழ் இல்லாமல் இந்த அலையே வந்திருக்காது. பதினாறு வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்ற அந்தச் சான்றிதழ் முதலில் பேய்ப்படங்களுக்குத்தான் உதவியது. 1959இல் ‘ரூம் அட் த டாப்’ அதே சான்றிதழோடு வந்து நன்றாக ஓடி, சிமோன் சிக்னோரேவுக்கு ஆஸ்கரும் வாங்கிய பிறகுதான், பெரியவர்களுக்கான கதைக்கும் வசூல் உண்டு என்று தயாரிப்பாளர்கள் நம்பினார்கள்.

இந்தக் காலப் படங்களில் குறையும் நிறைய. மலைமேல் நின்று ஊரின் புகைபோக்கிகளைப் பார்க்கும் அந்தத் தூரக் காட்சி படத்துக்குப் படம் வரும். ‘அந்த மலையிலிருந்து நம் ஊர்’ ஷாட் என்று விமர்சகர்கள் கேலி செய்தார்கள். கேலியில் நியாயம் உண்டு. ஆண்டர்சன், ரிச்சர்ட்சன், இந்த அலையின் இன்னொரு இயக்குநரான ஜான் ஷ்லெசிங்கர் மூவரும் ஆக்ஸ்ஃபோர்டு, ரெய்ஸ் கேம்பிரிட்ஜ். ஊருக்குள் வாழ்கிறவன் புகைபோக்கியை அழகு பார்க்க மலையேறமாட்டான். ரயிலில் வந்திறங்கியவன்தான் ஏறுவான். இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. கதாநாயகன் தப்பிக்கப் பார்க்கும் வலையாகவே பெண்கள் வருகிறார்கள்: கர்ப்பம், கல்யாணம், மாமியார், தொலைக்காட்சி. ஷீலா டெலானி பத்தொன்பது வயதில் எழுதிய நாடகத்திலிருந்து வந்த ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’தான் விலக்கு, அதில் ரீட்டா டுஷிங்ஹாமின் ஜோ யாருக்கும் வலையாக இல்லை, படமே அவளுடையது. 1963இல் வுட்ஃபால் ‘டாம் ஜோன்ஸ்’ என்ற வண்ணக் கூத்தை எடுத்து ஆஸ்கர் வாங்கியது, அமெரிக்கப் பணம் லண்டனுக்குள் பாய்ந்தது, வடக்கின் மழைத் தெருக்களை எல்லோரும் மறந்தார்கள்.

மறக்காதது தொலைக்காட்சி. பி.பி.சி.யின் ‘வெட்னஸ்டே ப்ளே’ வரிசையில் தயாரிப்பாளர் டோனி கார்னெட்டும் இயக்குநர் கென் லோச்சும் செய்ததைப் புரிந்துகொள்ள ஒரு நடைமுறை விவரம் வேண்டும். அன்றைக்குத் தொலைக்காட்சி நாடகம் என்றால் ஸ்டுடியோவுக்குள் மூன்று சுவர் செட், நாலைந்து மின்னணுக் கேமரா. மேடை நாடகத்தின் பக்கத்து வீடு. கார்னெட் சண்டை போட்டு 16 மி.மீ. கேமராவைத் தெருவுக்குக் கொண்டுபோனார். செய்திப் பிரிவு பயன்படுத்தும் அதே வகைக் கருவி, அதே துகள்துகளான படம். செய்தி முடிந்த கொஞ்ச நேரத்தில் நாடகம் வரும். பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எதிர்ப்பாளர்கள் கத்தியது இதற்காகத்தான்: இது செய்தியா, கற்பனையா என்று அறிவிக்காமல் ஏமாற்றுகிறார்கள் என்று.

1966 நவம்பர் 16 அன்று ஒளிபரப்பான ‘கேத்தி கம் ஹோம்’ இதன் உச்சம். சுமார் 1.2 கோடிப் பேர் பார்த்தார்கள். ஒரு இளம் தம்பதி நல்ல ஃபிளாட்டில் தொடங்கி, கணவனுக்கு விபத்து, பிறகு மாமியார் வீடு, கேரவன், விடுதி என்று ஒவ்வொரு படியாக இறங்குகிறார்கள். ஒலியைக் கவனியுங்கள்: கேத்தியின் குரலுக்கு மேலே, பெயர் தெரியாத மனிதர்களின் குரல்களும் வீட்டுவசதிக் கணக்குகளும் வந்து விழுந்துகொண்டே இருக்கும். ஒரு குடும்பத்தின் கதை என்று நாம் ஒதுக்கிவிடாமல் அந்தக் குரல்கள் பார்த்துக்கொள்கின்றன. கடைசியில் ரயில் நிலையத்தில் குழந்தைகளைப் பிடுங்கும் காட்சியில் இருக்கும் பிள்ளைகள் நடிகை கரோல் வைட்டின் சொந்தப் பிள்ளைகள். இந்தப் படத்தால்தான் வீடற்றோர் அமைப்பான ஷெல்டர் பிறந்தது என்று எல்லாக் கட்டுரையிலும் எழுதுவார்கள். அது அப்படியில்லை. ஷெல்டர் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. படம் வந்து இரண்டு வாரத்தில், டிசம்பர் 1 அன்று தொடங்கியபோது படம் கிளப்பிய கொதிப்பு அதற்குக் கைகொடுத்தது. வீடற்றோருக்கு இடம் தர வேண்டியது உள்ளாட்சியின் கடமை என்ற சட்டம் வர 1977 வரை ஆனது. சினிமா சட்டத்தை மாற்றிவிடும் என்று நம்பிப் படமெடுக்கக் கிளம்புபவர்கள் இந்தப் பதினோரு வருட இடைவெளியை நினைவில் வைக்கலாம்.

இப்போது ‘கெஸ்’ (1969). இந்த வகையில் ஒரே படம்தான் பார்க்க நேரம் என்றால் இதைத்தான் சொல்வேன். பேரி ஹைன்ஸின் நாவல். யார்க்‌ஷயரின் சுரங்க ஊரான பார்ன்ஸ்லி. பள்ளியில் எதற்கும் லாயக்கில்லை என்று முடிவுகட்டப்பட்ட பில்லி, ஒரு கெஸ்ட்ரல் வல்லூறைப் பிடித்துப் பழக்குகிறான். நடித்த டேவிட் பிராட்லி அந்த ஊர்ப் பையன். வல்லூறைப் பழக்கியது எழுத்தாளரின் தம்பி ரிச்சர்ட். படத்துக்கு மூன்று பறவைகள்; ஒரு காலணிக் கடையின் பெயரை மூன்றாகப் பிரித்து ஃப்ரீமன், ஹார்டி, வில்லிஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒளிப்பதிவாளர் கிறிஸ் மெங்கஸ் செய்ததுதான் அடுத்த ஐம்பது ஆண்டுக்கான பாடம். வழக்கமான ஷூட்டிங்கில் நடிகரின் முகத்துக்கு விளக்கு வைப்பார்கள். நடிகர் தரையில் ஒட்டிய அடையாளத்தில் வந்து நிற்க வேண்டும், ஓரடி தவறினால் முகம் இருட்டு. மெங்கஸ் அறைக்கு ஒளி அமைத்தார். விளக்கை ஜன்னலுக்கு வெளியே வைத்து, பகல் வெளிச்சம் போல உள்ளே விழவிட்டு, தரையில் அடையாளமே இல்லாமல் செய்தார். கேமரா அறையின் ஓரத்தில், கண் மட்டத்தில், நீண்ட லென்ஸோடு நிற்கும். பையன்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், கேமரா திரும்பிப் பார்த்துக்கொள்ளும். செக் ஒளிப்பதிவாளர் மிரோஸ்லாவ் ஒண்ட்ரிசெக்குடன் வேலை செய்தபோது கற்றது இது. விலை என்ன? நீண்ட லென்ஸில் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைவு. அடையாளம் இல்லாமல் நடப்பவரைப் பின்தொடரும்போது ஃபோகஸ் வைப்பவர் ஊகத்தில்தான் வேலை செய்கிறார். ஆகவே சில ஷாட்கள் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். அதைக் குறை என்று வெட்டாமல் விட்டதால்தான் அந்த மங்கலே பின்னாளில் ‘உண்மைத்தன்மை’யின் முத்திரை ஆகிவிட்டது. இன்று பலர் வேண்டுமென்றே கேமராவை ஆட்டுகிறார்கள். ‘கெஸ்’ஸில் கேமரா ஆடாது, போய்ப் பாருங்கள்.

தலைமையாசிரியர் அறைக் காட்சிக்கு வருகிறேன். சிகரெட் பிடித்த பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். வேறொரு ஆசிரியரின் செய்தியைச் சொல்லவந்த ஒரு சின்னப் பையனும் அந்த வரிசையில் மாட்டிக்கொள்கிறான். அவன் வாய் திறக்க விடாமல் எல்லோருக்கும் சேர்த்து உபதேசம் நடக்கிறது. அவர்கள் சிரிப்பை அடக்கும் விதம் எந்தப் பயிற்சியிலும் வராது. பிறகு பிரம்படி. அது நிஜ அடி. பையன்களுக்கு அது முன்கூட்டித் தெரியாது. அந்தச் சின்னப் பையனின் கண்ணீரும் நிஜம். இதை யதார்த்தத்தின் வெற்றி என்று புகழ்ந்து எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் சங்கடம் இருக்கிறது. பள்ளி அதிகாரம் பிள்ளைகளை அவர்கள் சம்மதமில்லாமல் அடிப்பதைக் கண்டிக்கும் காட்சியை, அதே வழியில் எடுத்திருக்கிறார்கள். இன்றைய குழந்தை நடிகர் விதிகள் இதை அனுமதிக்காது, சரிதான்.

லோச் அதற்குப்பின் படிப்படியாக ஒரு வேலைமுறையை நிலைநிறுத்தினார். கதை வரிசையிலேயே படம்பிடிப்பார். சினிமா வேலை தெரிந்தவர்களுக்கு இதன் செலவு புரியும். ஒரு வீட்டில் எட்டுக் காட்சி இருந்தால் எல்லோரும் இரண்டு நாளில் மொத்தமாக எடுத்து வீட்டைக் காலி செய்வார்கள். கதை வரிசை என்றால் அதே வீட்டுக்கு மூன்று முறை திரும்ப வேண்டும், நடிகர்களின் கால்ஷீட்டை முழு ஷெட்யூலுக்கும் பிடித்துவைக்க வேண்டும். கிடைக்கும் லாபம்: நடிகருக்குத் தன் பாத்திரம் எங்கே போய் முடியும் என்று தெரியாது, அதனால் முடிவை முன்கூட்டியே முகத்தில் சுமக்க மாட்டார். திரைக்கதையையும் சில பக்கங்களாகத்தான் தருவார். ஒருவருக்கு வரும் அதிர்ச்சி அவருடைய தாளில் இருக்காது.

இதைப் பார்த்துவிட்டு லோச் படங்கள் இஷ்டத்துக்குப் பேசி எடுத்தவை என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. பால் லாவெர்ட்டி எழுதும் திரைக்கதை முதலிலேயே முழுசாகத் தயாராக இருக்கும், நடிகருக்குத்தான் தவணை. வார்த்தைகளைச் சொந்த வாய்க்கு மாற்றிக்கொள்ளச் சுதந்திரம் உண்டு, காட்சி போய்ச்சேர வேண்டிய இடம் மாறாது. நடிகர் தேர்விலும் பிடிவாதம்: கட்டடத் தொழிலாளர்களைப் பற்றிய ‘ரிஃப்-ராஃப்’ (1991) படத்துக்குக் கட்டட வேலை செய்த அனுபவம் உள்ளவர்களையே தேடினார். ‘ஐ, டேனியல் பிளேக்’கின் உணவு வங்கிக் காட்சியில் பொருள் எடுத்துக் கொடுப்பவர்கள் உண்மையான தன்னார்வலர்கள். பசி தாங்காமல், டேனியலின் தோழியான தனித்தாய் கேட்டி அலமாரி ஓரமாக ஒரு டப்பாவை உடைத்துக் கையால் அள்ளி வாயில் போடும்போது, அவளைத் தாங்கும் கைகளுக்கு அந்த வேலை பழக்கமானது. நடிகர்களால் அந்த அவசரமின்மையைக் கொண்டுவர முடியாது. எல்லோரும் கொஞ்சம் அதிகமாகப் பதறிவிடுவார்கள்.

ஒரு பக்கத் தகவல்: லோச் படச்சுருளை வெட்டி ஒட்டியே தொகுத்துவந்தார். ‘ஜிம்மிஸ் ஹால்’ தொகுப்பின்போது படத்தையும் ஒலியையும் பொருத்த எண் அச்சிடும் நாடா எங்கும் கிடைக்காமல் பகிரங்கமாகக் கேட்க வேண்டியதாயிற்று. அனுப்பிவைத்தது கணினி அனிமேஷன் ஸ்டுடியோவான பிக்ஸார்.

மைக் லீயை லோச்சோடு சேர்த்தே சொல்வார்கள். முறை நேர் எதிர். லீயிடம் திரைக்கதையே இருக்காது. மாதக்கணக்கில் ஒத்திகை. ஒவ்வொரு நடிகரும் தனக்குத் தெரிந்த மனிதர்களின் பட்டியலோடு வர, அதிலிருந்து ஒருவரை எடுத்துப் பாத்திரத்தைத் தனித்தனியாக வளர்ப்பார். நடிகருக்குத் தன் பாத்திரம் அறிந்தது மட்டுமே தெரியும். பாத்திரத்தைப் பற்றிப் பேசும்போது ‘நான்’ என்று சொல்லக்கூடாது, ‘அவள்’, ‘அவன்’ என்றே பேச வேண்டும். ‘வீரா டிரேக்’ (2004) ஒத்திகையில், குடும்பமாக நடித்தவர்களுக்கு அந்த அம்மா ரகசியமாகக் கருக்கலைப்பு செய்பவர் என்பது, போலீஸாக நடித்தவர்கள் கதவைத் தட்டும்வரை தெரியாது. கேமரா ஓடும் நேரத்திலோ எல்லாம் வார்த்தை வார்த்தையாக நிலைபெற்றிருக்கும். லோச்சிடம் எழுத்து முதலில், ஆச்சரியம் கேமரா முன்னால்; லீயிடம் ஆச்சரியம் ஒத்திகையில், கேமரா முன்னால் துல்லியம். லீயின் நடிகர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள் என்ற புகார் பழையது, சில படங்களில் உண்மையும்கூட. ஆனால் ‘சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்’ (1996) படத்தில் காலியான டீக்கடையில் தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் அந்த நீண்ட ஒற்றை ஷாட்டைப் பார்த்தவர் அதைச் சொல்லத் தயங்குவார்.

மூன்றாவது பெயர் ஆலன் கிளார்க். பெரும்பாலும் தொலைக்காட்சிக்கே எடுத்ததால் வெளியே பெயர் பரவவில்லை. சிறார் சிறையைப் பற்றிய ‘ஸ்கம்’ 1977இல் எடுத்ததும் பி.பி.சி. அதை ஒளிபரப்ப மறுத்தது. 1979இல் திரையரங்குக்காக மறுபடி எடுத்தார். ‘மேட் இன் பிரிட்டன்’ (1982) முதல், நடந்துகொண்டே ஆட்டமில்லாமல் எடுக்க உதவும் ஸ்டெடிகேமைக் கையில் எடுத்து மனிதர்கள் நடப்பதையே கதையாக்கினார். வட அயர்லாந்துக் கொலைகளைப் பற்றிய ‘எலிஃபென்ட்’ (1989) 39 நிமிடம், 18 கொலை. வசனம் கிட்டத்தட்ட இல்லை. யார், எந்தப் பக்கம், ஏன் என்று ஒன்றும் சொல்லாது. ஒருவர் நடந்து போவார், சுடுவார், திரும்பி நடப்பார், விழுந்தவரைக் கேமரா சில விநாடி பார்க்கும். காரணத்தையும் விளக்கத்தையும் முழுசாக எடுத்துவிட்டால் இந்த வகை எவ்வளவு கொடூரமாக மாறும் என்று அதில் தெரியும்.

பணத்தின் கதைக்குத் திரும்பினால், 1982 நவம்பரில் சேனல் 4 தொடங்கியது பெரிய விஷயம். திரையரங்குக்கும் போகும் குறைந்த செலவுப் படங்களுக்கு அது பணம் போட்டது; ‘மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்’ (1985) 16 மி.மீ.இல் எடுத்தது அப்படித்தான். இந்த வகையின் தொழிலாளி என்றால் வெள்ளைக்காரர்தான் என்ற நிலையை அதற்கும் முன்பே உடைத்தது ஹோரஸ் ஓவேயின் ‘ப்ரெஷர்’ (1976): லண்டனில் பிறந்த கறுப்பின இளைஞன், நல்ல மதிப்பெண் இருந்தும் வேலை இல்லை. பிரிட்டனின் முதல் கறுப்பின முழுநீளக் கதைப்படம் இது. பணம் கொடுத்த பி.எஃப்.ஐ.யே (பிரிட்டிஷ் திரைப்படக் கழகம்) போலீஸ் அத்துமீறல் காட்சிகளால் வெளியீட்டைத் தள்ளிப்போட்டது. ஓவேயோடு சேர்ந்து இதை எழுதிய சாம் செல்வன் டிரினிடாட்காரர். அவர் அப்பா மெட்ராஸிலிருந்து போன தமிழர். செல்வன் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

தொண்ணூறுகளில் வகை இரண்டாகக் கிளைத்தது. ‘பிராஸ்ட் ஆஃப்’, ‘த ஃபுல் மான்ட்டி’, ‘பில்லி எலியட்’ போன்ற படங்கள் சுரங்க, ஆலை மூடல்களையும் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தையும் பின்னணியாக வைத்து, மேடை வெற்றியில் முடிந்தன. நன்றாக ஓடின, எனக்கும் பிடிக்கும். ஆனால் சிக்கல் ஊருக்கே, தீர்வு ஒருவனுக்கு மட்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. பில்லி லண்டன் போய்விடுகிறான், அண்ணனும் அப்பாவும் திரும்பச் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். அந்த லிஃப்ட் இறங்கும் ஷாட்டை வைத்ததால் அந்தப் படம் மட்டும் தப்பித்தது. மறுபக்கம் கேரி ஓல்ட்மனின் ‘நில் பை மவுத்’ (1997), லின் ராம்சேயின் ‘ராட்கேச்சர்’ (1999), பிறகு ஆண்ட்ரியா ஆர்னால்ட். ஆர்னால்டின் ‘ஃபிஷ் டேங்க்’ (2009) நாயகி கேட்டி ஜார்விஸ், டில்பரி ரயில் நிலையத்தில் காதலனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டவர். படம் பழைய தொலைக்காட்சிப் பெட்டி போல 4:3 என்ற கிட்டத்தட்டச் சதுரமான சட்டகத்தில் இருக்கும். அகலத்திரை ஊரைக் காட்டும்; சதுரம் ஒரு ஆளைக் காட்டும். மலைமேல் நின்று ஊர் பார்க்கும் அந்தப் பழைய ஷாட்டுக்கு இதில் இடமே கிடையாது.

இந்த வகை எங்கே சொதப்புகிறது என்பதும் சொல்லியாக வேண்டும். பாத்திரத்துக்குத் துன்பத்தைத் தவிர வேறு குணமே இல்லாமல் போவது முதல் சறுக்கல்: நகைச்சுவை, கெட்டபுத்தி, சமையல் ருசி எதுவும் இல்லாமல் வெறும் பாதிக்கப்பட்டவர். லோச்சே பிற்காலத்தில் இதில் அவ்வப்போது விழுந்திருக்கிறார். ‘ஐ, டேனியல் பிளேக்’ டேனியலிடம் சிறு தவறுகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ (2002) லியம் அப்படியில்லை. அம்மாவுக்கு வீடு வாங்கப் போதைப்பொருள் விற்கிறான், அதில் திறமையாகவும் இருக்கிறான், அதனால்தான் வலிக்கிறது. (கெட்ட வார்த்தைகளுக்காக அந்தப் படத்துக்கு 18 சான்றிதழ் கொடுத்தார்கள், பதினாறு வயதுக்காரர்களைப் பற்றிய படத்தைப் பதினாறு வயதுக்காரர்கள் பார்க்க முடியவில்லை.) கவுன்ட்டரில் இருக்கும் அதிகாரியை இயந்திரமாக்கிவிடுவது அடுத்த சறுக்கல். அவரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர். அவருக்கும் மேலிருந்து இலக்கு வருகிறது. அதைக் காட்டாத படம் ஏற்பாட்டைக் குற்றம் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒரு குமாஸ்தாவைக் குற்றம் சொல்லி முடிக்கிறது.

பார்க்கும் முறை. ஆங்கில சப்டைட்டிலைத் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். ‘ரிஃப்-ராஃப்’ அமெரிக்காவில் ஆங்கில சப்டைட்டிலோடுதான் வெளியானது. ‘கெஸ்’ஸின் சில வசனங்களை வெளிநாட்டுக்காகத் தெளிவான உச்சரிப்பில் மறுபடி டப் செய்தார்கள். தேர்வு இருந்தால் மூல ஒலியையே எடுங்கள், வட்டார உச்சரிப்பு போனால் பாதிப் படம் போய்விடும்.

நீங்கள் லோச்சின் பிற்காலப் படத்தில் தொடங்கியிருப்பதால் அடுத்து ‘கெஸ்’, அதன்பின் ‘கேத்தி கம் ஹோம்’. பிறகு பின்னோக்கி ‘சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்’. ‘நில் பை மவுத்’தை ஆரம்பத்தில் தொடாதீர்கள், குடும்ப வன்முறைக் காட்சிகள் மிகக் கடுமை. ‘எலிஃபென்ட்’டைத் தனியாக ஒரு நாள் பாருங்கள், அதோடு வேறெதையும் சேர்க்காதீர்கள்.

கடைசியாக ஒரு ஜோடி. பிராட்ஃபோர்டின் பட்டர்ஷா குடியிருப்பில் வளர்ந்த ஆண்ட்ரியா டன்பார் எழுத, ஆலன் கிளார்க் எடுத்த ‘ரீட்டா, சூ அண்ட் பாப் டூ’ (1987) வெடிச்சிரிப்புப் படம். டன்பார் 1990இல் 29 வயதில் இறந்தார். கிளியோ பார்னார்டின் ‘தி ஆர்பர்’ (2010) அவருடைய குடும்பத்தாரின் உண்மையான ஒலிப்பதிவுகளை எடுத்து, நடிகர்களை அந்தக் குரலுக்கு உதடு அசைக்கவைத்தது. எந்த இடத்திலும் இது நடிப்பு என்பதை நம்மால் மறக்க முடியாது, பேசுவது அவர்களேதான் என்பதையும் மறக்க முடியாது. ‘ரீட்டா’வை முதலில் பாருங்கள், பிறகு ‘தி ஆர்பர்’. வரிசை மாறினால் ‘ரீட்டா’வில் சிரிக்க முடியாது.